மாற்று மூட்டைச் சுற்றி எலும்பு முறிந்தால்: புதுக்கோட்டை மாவட்ட நோயாளிகளும் பராமரிப்போரும் அறிய வேண்டியவை

முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை கால் நூற்றாண்டுக்கு முன்பு பெருநகரச் செய்தியாகவே இருந்தது. அன்றைய பிரதமர் அடல் பிகாரி வாஜ்பாய்க்கு 2000 அக்டோபரில் ஒரு முழங்காலிலும் 2001 ஜூனில் மறு முழங்காலிலும் மும்பை பிரீச் கேண்டி மருத்துவமனையில் இச்சிகிச்சை நடந்தபோதுதான், இப்படியொன்று உண்டு என்பதையே பலர் அறிந்தனர். பின்னர் நிலைமை விரைவாக மாறியது. தமிழ்நாட்டில் 2009இல் தொடங்கிய அரசுக் காப்பீட்டுத் திட்டம், 2012 ஜனவரி முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக நடைமுறையில் உள்ளது. 2017 ஆகஸ்ட் 16 அன்று தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் செயற்கை முழங்கால் மூட்டுகளுக்கு உச்சவரம்பு விலை விதித்தது. அதுவரை சராசரியாக ரூ.1,58,324 என விற்கப்பட்ட கோபால்ட் குரோமியம் மூட்டின் விலை ரூ.54,720ஆகக் குறைந்தது. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி முள்ளூரில் தொடங்கப்பட்டது.

அந்த ஆண்டுகளில் மாற்று மூட்டுப் பொருத்திக்கொண்டவர்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயதாகிறது. மூட்டு உறுதியாகவே இருக்கிறது. முழு மூட்டு மாற்றுச் சிகிச்சை பெற்றவர்களில் சுமார் 82 விழுக்காட்டினரின் செயற்கை மூட்டு 25 ஆண்டுகள் வரை நீடிப்பதாக 2019இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வு தெரிவித்தது. வலுவிழப்பது உலோகம் அன்று. அதைத் தாங்கி நிற்கும் எலும்பே. வழுக்கிய குளியலறையிலோ மாட்டுத் தொழுவத்திலோ ஒரு முறை விழுந்தாலும் உலோகம் முடிந்து எலும்பு தொடங்கும் இடத்தில் விசை குவிந்து முறிவு ஏற்படுகிறது. முதன்முறை மூட்டு மாற்றிக்கொண்டவர்களில் ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ 3 முதல் 25 பேர் வரை இம்முறிவுக்கு உள்ளாவதாக மருத்துவ நூல்கள் குறிப்பிடுகின்றன. மறுமுறையும் மூட்டு மாற்றிக்கொண்டவர்களுக்கு ஆபத்து இதைவிட மிகுதி. எண்ணிக்கை சிறிதாகத் தோன்றலாம். ஆயினும் மூட்டு மாற்றிக்கொண்டோர் தொகை ஆண்டுதோறும் வளர்வதால், இது இனி மாவட்ட மருத்துவமனைகளும் குடும்பங்களும் அடிக்கடி எதிர்கொள்ளவிருக்கும் நோய்நிலையாகும்.

இது சாதாரண முறிவிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது?

பெரும்பாலும் முறிவது மாற்று மூட்டுக்குச் சற்று மேலே உள்ள தொடை எலும்பின் கீழ்ப்பகுதி. முழங்கால் சில்லும், மூட்டுக்குக் கீழே உள்ள கால் எலும்பும் முறிவதுண்டு, அவை அரிது. எந்த இடமாயினும் மருத்துவர் மூன்று கேள்விகளுக்கு விடை தேடுவார். முறிந்த துண்டுகள் விலகியுள்ளனவா? செயற்கை மூட்டு எலும்பில் இன்னும் இறுக்கமாக ஒட்டியுள்ளதா? திருகாணிகளைத் தாங்கும் அளவுக்கு எலும்பு எஞ்சியுள்ளதா?

துண்டுகள் விலகாமலும் மூட்டு இறுக்கமாகவும் இருந்தால், சிலருக்கு அறுவை சிகிச்சையின்றி, மாவுக்கட்டு அல்லது மூட்டுக் காப்புப் பட்டையுடன் தொடர் எக்ஸ்ரே கண்காணிப்பில் குணமாக்கலாம். துண்டுகள் விலகி, மூட்டு உறுதியாக இருந்தால் எலும்பின் பக்கவாட்டில் பூட்டுத் தகடு வைத்தோ, முழங்கால் வழியாக எலும்பின் உட்புறத்தில் நீண்ட கம்பி செலுத்தியோ பொருத்துவர். மூட்டே தளர்ந்துவிட்டால் தகட்டால் பயனில்லை. பழைய மூட்டை அகற்றிவிட்டு நீண்ட தண்டுடைய புதிய மூட்டைப் பொருத்த வேண்டும். எலும்பு நொறுங்கிப் போன முதியோருக்குத் தொடை எலும்பின் கீழ்ப்பகுதி முழுவதையும் செயற்கை உறுப்பால் மாற்றுவதும் உண்டு. விரைவில் எழுந்து நடக்கலாம் என்பது இதன் நன்மை; கிருமித் தொற்று ஏற்பட்டால் மீள்வது கடினம் என்பது இதன் விலை.

உள்ளே கம்பி செலுத்தலாமா என்பதை முன்பு பொருத்திய மூட்டின் வடிவமே முடிவு செய்கிறது. சில வகை மூட்டுகளின் நடுவில் திறப்பு உண்டு. கம்பி அதன் வழியே செல்லும். வேறு சில வகைகளில் அந்த இடம் மூடியிருக்கும். எக்ஸ்ரேயில் மூட்டின் நிழல் தெரியுமே தவிர, எந்த நிறுவனத்தின் எந்த வகை, எந்த அளவு என்பது எப்போதும் தெளிவாகத் தெரிவதில்லை. மூட்டின் ஒரு பாகத்தை மட்டும் மாற்ற வேண்டியிருந்தாலும், பழைய மூட்டோடு பொருந்தும் அதே வகைப் பாகமே தேவை.

வீட்டிலுள்ள காகிதமே பதிவேடு

சுவீடன் நாட்டில் முழங்கால் மூட்டு மாற்றுப் பதிவேடு 1975 முதல் இயங்குகிறது. பிரிட்டனில் 2003 முதல் தேசிய மூட்டுப் பதிவேடு உள்ளது. அங்கே பொருத்தப்பட்ட மூட்டின் விவரத்தைப் பதிவேட்டிலிருந்து பெற முடிகிறது. நம் நாட்டில் மருத்துவர் சங்கம் நடத்தும் பதிவேடு தன்னார்வ அடிப்படையிலானது. ஆகவே புதுக்கோட்டை மாவட்டத்து நோயாளி ஒருவருக்கு உண்மையான பதிவேடு, அவர் வீட்டு அலமாரியில் உள்ள மருத்துவமனைக் கோப்புதான். இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. அந்தக் கோப்பு கையில் இருந்தால் சிகிச்சைத் திட்டம் முதல் நாளிலேயே தெளிவாகலாம். இல்லையேல் பழைய மருத்துவமனையைத் தொடர்புகொண்டு விவரம் பெறும்வரை அறுவை சிகிச்சை தள்ளிப்போகலாம்.

கோப்பில் தேடவேண்டியவை மூன்று. முதலாவது, ‘டிஸ்சார்ஜ் சம்மரி’ எனப்படும் விடுவிப்புச் சுருக்கம். இரண்டாவது, அறுவை சிகிச்சைக் குறிப்பில் ஒட்டப்பட்டிருக்கும் சிறு ஸ்டிக்கர்கள். மூட்டின் நிறுவனம், வகை, அளவு, தொகுதி எண் ஆகியவை அவற்றில் அச்சிடப்பட்டிருக்கும். மூன்றாவது, கட்டண ரசீது. 2017ஆம் ஆண்டு விலை ஆணை, மூட்டின் விலை, நிறுவனப் பெயர், தொகுதி எண் ஆகியவற்றை மருத்துவமனைகள் ரசீதில் தனியாகக் குறிப்பிட வேண்டும் என்கிறது. விலையைக் கண்காணிக்கப் பிறந்த இவ்விதி, இன்று சிகிச்சைக்கே உதவும் ஆவணமாகியுள்ளது. சிகிச்சை முடிந்த பின் ரசீதைத் தூக்கியெறியும் வழக்கத்தைக் குடும்பங்கள் கைவிட வேண்டும்.

பிள்ளைகள் சிங்கப்பூரிலோ வளைகுடா நாடுகளிலோ இருக்க, பெற்றோர் தனியே வாழும் வீடுகள் இம்மாவட்டத்தில் பல. அத்தகைய குடும்பங்கள் இக்காகிதங்களைப் படமெடுத்து அனைவரின் கைப்பேசியிலும் வைத்துக்கொள்வது நலம். 2021இல் தொடங்கிய தேசிய டிஜிட்டல் சுகாதாரத் திட்டத்தின்கீழ் 14 இலக்க ‘ஆபா’ எண் பெற்றவர்கள், மருத்துவப் பதிவுகளை அதனுடன் இணைத்தும் வைக்கலாம். கோப்பு தொலைந்திருந்தால், விழும்வரை காத்திராமல், அறுவை சிகிச்சை செய்த மருத்துவமனையை இப்போதே அணுகி நகல் கேட்டுப் பெறவும்.

விழுந்த முதல் சில மணி நேரம்

மணமேல்குடிப் பகுதியில் மாற்று மூட்டு உள்ள மூதாட்டி ஒருவர் இரவில் வாசற்படி தடுக்கி விழுகிறார் என வைத்துக்கொள்வோம். எழுந்து நிற்க முடியவில்லை. முழங்காலுக்கு மேலே வீக்கமும் வளைவும் தெரிகின்றன. அவரைத் தூக்கி நிறுத்தி நடக்கச் சொல்லிப் பார்ப்பது, காலை இழுத்து நேராக்குவது, எண்ணெய் தேய்த்து உருவுவது ஆகிய மூன்றையும் தவிர்க்க வேண்டும். முழங்காலின் பின்புறம் பெரிய இரத்தக் குழாய் செல்கிறது. கூர்மையான எலும்புத் துண்டு அதைச் சிதைக்கக்கூடும். கால் எந்த நிலையில் உள்ளதோ அதே நிலையில், இரு பக்கமும் தலையணை வைத்து, அகலத் துணியால் தளர்வாகக் கட்டி, 108 ஊர்தியை அழைக்கவும். பாதம் குளிர்ந்தோ வெளிறியோ இருந்தாலும், விரல்களை அசைக்க முடியாவிட்டாலும், எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தாலும் அதை ஊர்திப் பணியாளரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். மயக்க மருந்து தேவைப்படலாம் என்பதால் வழியில் உணவு கொடுக்க வேண்டாம். உண்ணும் மாத்திரைகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லவும். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுவோர் அதைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். அறுவை சிகிச்சை நேரம் அதைப் பொறுத்து மாறும்.

கட்டுப்போடும் வைத்தியசாலைகளைப் பற்றி வெளிப்படையாகச் சொல்ல வேண்டியுள்ளது. ஆந்திர மாநிலப் புத்தூரின் பெயரால் தமிழ்நாடெங்கும் ‘புத்தூர் கட்டு’ப் பலகைகள் தொங்குகின்றன. அவற்றின்மீது மக்களுக்குள்ள நம்பிக்கை தலைமுறை தலைமுறையாக வந்தது. ஆனால் உள்ளே உலோக மூட்டு இருக்கும் காலில், மூட்டு தளர்ந்துள்ளதா என்பதை வெளியிலிருந்து தடவிப் பார்த்து அறிய எவராலும் இயலாது. இறுக்கமான மூங்கில் கட்டு, வீங்கும் காலின் இரத்த ஓட்டத்தை நிறுத்திவிடலாம். இரண்டு மூன்று வாரங்கள் கட்டில் கழிந்த பின் மருத்துவமனைக்கு வருபவருக்குத் துண்டுகள் கோணலாக ஒட்டத் தொடங்கியிருக்கும். படுக்கைப் புண்ணும் சேர்ந்திருக்கும். முதல் நாளில் தகட்டோடு முடிந்திருக்கக்கூடிய சிகிச்சை, அப்போது பெரிய சிகிச்சையாகிவிடுகிறது.

மணமேல்குடியிலிருந்து புதுக்கோட்டை நகரம் அறந்தாங்கி வழியாக 60 கிலோமீட்டருக்கு மேல். அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் வலி தணிப்பும் காலைத் தாங்கும் கட்டும் அளித்து, எலும்பு மருத்துவத் துறை இயங்கும் புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புவதே வழக்கமான பாதை. மூட்டை மீண்டும் மாற்ற வேண்டிய சிக்கலான நேர்வுகளில், சுமார் 55 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருச்சிராப்பள்ளிக்கோ, தஞ்சாவூருக்கோ, மதுரைக்கோ பரிந்துரை செய்யப்படலாம். அவ்வாறு பரிந்துரைத்தால், அதை அலைக்கழிப்பு எனக் கருத வேண்டாம். மறுமாற்றுக்கு வேண்டிய கருவிகளும் பழகிய கைகளும் எல்லா இடத்திலும் இருப்பதில்லை. ஆனால் பரிந்துரைச் சீட்டில் காரணம் எழுதப்பட்டுள்ளதா, போய்ச் சேரும் மருத்துவமனைக்கு முன்கூட்டித் தகவல் சொல்லப்பட்டுள்ளதா எனக் கேட்பது குடும்பத்தின் உரிமை.

விரைவு ஏன் முக்கியம்? முதியோருக்கு இம்முறிவு, இடுப்பு எலும்பு முறிவுக்கு நிகரான உயிராபத்து உடையது. ஆபத்து முறிவால் மட்டும் வருவதன்று. படுத்தே கிடப்பதால் வருவதே பெரும்பகுதி. உடல்நிலை இடங்கொடுத்தால் 48 மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்வதையே மருத்துவர் விரும்புவர்.

பின்விளைவுகளைக் கண்டறிதலும் கையாளுதலும்

கிருமித் தொற்று மிகவும் அஞ்சத்தக்கது. தையல் வாயில் நீர் அல்லது சீழ் கசிவது, இரண்டு மூன்று நாள்களுக்குப் பிறகும் குறையாத காய்ச்சல், தணிந்த வலி மீண்டும் கூடுவது, தோல் சிவந்து சுடுவது ஆகியவை அறிகுறிகள். இவற்றைக் கண்டால் மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்கக் கூடாது. மாத்திரை காய்ச்சலை மறைக்கும். மூட்டிலிருந்து நீர் எடுத்துச் சோதிக்கும்போது கிருமி வளராமலும் போகலாம். எந்தக் கிருமி என்று தெரியாவிட்டால் எந்த மருந்து என்பதும் தெரியாது. தொற்று ஆழமாகப் பரவினால் உலோகத்தை அகற்றி, மருந்து கலந்த சிமெண்டைத் தற்காலிகமாக வைத்து, பல வாரங்கள் ஊசி மருந்து செலுத்தி, பின்னரே புதிய மூட்டுப் பொருத்த நேரிடும். விழுவதற்குப் பல மாதங்கள் முன்பிருந்தே அந்த முழங்காலில் வலி இருந்ததா என்று மருத்துவர் கேட்பார். இருந்திருந்தால் மறைக்காமல் சொல்லவும். மூட்டு முன்பே தளர்ந்தோ தொற்றுக்கு உள்ளாகியோ இருந்திருக்கலாம்.

இரத்தக்கட்டி சத்தமின்றி வரும். கெண்டைக்காலில் புதிய வீக்கமும் வலியும் தோன்றினால் தைலம் தேய்த்து உருவ வேண்டாம். கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைந்தால் திடீர் மூச்சுத்திணறலும் நெஞ்சுவலியும் உண்டாகும். அப்போது 108தான் வழி. இதைத் தடுக்கவே மருத்துவமனையில் ஊசி போடுகின்றனர். வீடு திரும்பிய பின்னும் எத்தனை நாள் தொடர வேண்டும் எனக் கேட்டு எழுதி வாங்கவும். படுக்கையில் இருக்கும்போதே கணுக்காலை மேலும் கீழும் அசைப்பது எளிய தடுப்பு.

எலும்பு ஒட்டாமை பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக உள்ளது. தகடு வைத்தாகிவிட்டது, இனி அது தாங்கிக்கொள்ளும் என்று பலர் நினைக்கின்றனர். தகடு, எலும்பு ஒட்டும்வரை பிடித்துக்கொண்டிருக்கும் துணை மட்டுமே. ஒரு கம்பியை ஒரே இடத்தில் பலமுறை வளைத்தால் அது ஒடிவதைப் போல, எலும்பு ஒட்டுமுன் முழு எடையை ஊன்றினால் தகடும் ஒரு நாள் உடையும். பொதுவாக 6 முதல் 12 வாரங்கள் எடையைக் கட்டுப்படுத்தச் சொல்வர். முழுமையாக ஒட்ட 3 முதல் 6 மாதங்கள் ஆகலாம். ‘மெதுவாக நடங்கள்’ என்ற பொதுச் சொல் போதாது. விரல் மட்டும் தரையில் படலாமா, பாதி எடை ஊன்றலாமா, முழு எடையா என்பதைச் சீட்டில் எழுதித் தருமாறு மருத்துவரிடம் கேட்கவும். குறித்த நாளில் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கத் தவறக் கூடாது. நான்கு மாதங்களுக்குப் பிறகும் ஊன்றும்போது முறிவிடத்தில் வலித்தாலும், கால் வளைவது போலத் தெரிந்தாலும் தாமதிக்க வேண்டாம். பீடி, சிகரெட்டு மட்டுமன்றி வெற்றிலையோடு மெல்லும் புகையிலையும் எலும்பு ஒட்டுவதைத் தாமதப்படுத்தும் என்பதை வீட்டிலுள்ள பாட்டிமாரிடம் பொறுமையாக எடுத்துரைக்க வேண்டியுள்ளது.

உணவு விஷயத்தில் நம் வீடுகளின் பத்தியம் தடையாக அமைகிறது. முட்டையும் மீனும் பருப்பும் தின்றால் புண் சீழ்பிடிக்கும் என்று அஞ்சி, வெறும் ரசச் சோறும் இட்லியும் கொடுப்பர். உண்மை இதற்கு நேர்மாறு. புண் ஆறவும் எலும்பு ஒட்டவும் புரதம் இன்றியமையாதது. முட்டை, மீன், பயறு, பால், கேழ்வரகு ஆகியவற்றைத் தாராளமாகக் கொடுக்கலாம். சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு மட்டும் அளவை மருத்துவரிடம் கேட்கவும். சர்க்கரை நோயாளிகள் இரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் தொற்றும் ஒட்டாமையும் குறையும்.

மூட்டு இறுகிப்போவதும் பெரிய இழப்பே. வலிக்குப் பயந்து முழங்காலை மடக்காமல் வைத்திருந்தால், எலும்பு ஒட்டிய பிறகும் நாற்காலியில் அமர இயலாது. மருத்துவர் அனுமதித்த நாளிலிருந்தே இயன்முறைப் பயிற்சி தொடங்க வேண்டும். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வரும் இயன்முறை சிகிச்சையும் அடங்கும். ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யலாம்.

படுக்கையில் இருப்போரை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். குதிகாலும் இடுப்பின் பின்புறமும் சிவக்கின்றனவா என்று நாள்தோறும் பார்க்கவும். இன்னொன்றும் உண்டு, அதைப் பலர் நோயாகக் கருதுவதே இல்லை. அறுவை சிகிச்சைக்குப் பின் முதியவர் திடீரெனப் பிதற்றுகிறார், இறந்தவர்களை அழைக்கிறார், இரவில் குழாய்களைப் பிடுங்குகிறார். காற்று கருப்பு எனக் கருதி மந்திரிக்க வேண்டாம். மனம் கெட்டுவிட்டது என்று அழவும் வேண்டாம். சிறுநீர்த் தொற்று, உடலில் உப்புக் குறைவு, அடங்காத வலி, மருந்து, இடமாற்றம் ஆகியவற்றால் வரும் தற்காலிகக் குழப்பமாகவே இது பெரும்பாலும் இருக்கும். உடனே செவிலியரிடம் சொல்லவும். அவருடைய கண்ணாடியையும் காதுக் கருவியையும் அணிவித்து, பழகிய முகம் ஒன்று அருகில் இருப்பதே பாதி மருந்து.

செலவும் காப்பீடும்

ஆண்டு வருமானம் ரூ.1,20,000க்குள் உள்ள குடும்பங்கள் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 இலட்சம் வரை சிகிச்சை பெறலாம். அட்டை இல்லாதோர், வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்திலுள்ள காப்பீட்டு மையத்தை அணுகவும். முறிவுக்குப் பிறகு சான்றுக்காக அலைவதைவிட முன்பே பெற்று வைப்பது நல்லது. இருசக்கர வாகனத்திலிருந்து விழுந்ததுபோன்ற சாலை விபத்தாயின், 2021 டிசம்பரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டத்தின்கீழ், முதல் 48 மணி நேரச் சிகிச்சை வருமான வரம்பின்றி அளிக்கப்படுகிறது. வீட்டில் விழுந்தோருக்கு அது பொருந்தாது.

தனியார் மருத்துவமனையை நாடுவோர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 2017 ஆணையில் மறுமாற்று மூட்டுக்கு ரூ.1,13,950 என உச்சவரம்பு அறிவிக்கப்பட்டது. முறிவைப் பொருத்தும் தகடுக்கும் கம்பிக்கும் அந்த ஆணை பொருந்தாது. எனவே எந்தப் பொருள், எந்த விலை என்பதை அறுவை சிகிச்சைக்கு முன்பே எழுத்தில் கேட்டுப் பெறவும்.

அடுத்த முறிவைத் தடுக்க

ஒருமுறை முறிந்தவருக்கு மறுமுறை முறியும் வாய்ப்பு அதிகம். எலும்பு ஒட்டியதோடு சிகிச்சை முடிந்தது என எண்ணி, எலும்பு வலுவிழப்புக்கான மருந்தைத் தொடங்காமலே விட்டுவிடுவது பரவலான குறை. எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா பரிசோதனை, வைட்டமின் டி, கால்சியம், வாரம் ஒருமுறை மாத்திரையாகவோ ஆண்டுக்கு ஒருமுறை ஊசியாகவோ தரப்படும் மருந்து ஆகியவை பற்றி மருத்துவரிடம் நீங்களே பேச்சைத் தொடங்கலாம். மூட்டுவலிக்கெனப் பெயரில்லாப் பொட்டலங்களில் விற்கப்படும் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும். அது எலும்பை அரிக்கும். நெடுநாள் சாப்பிட்டவர்கள் அதைத் திடீரென நிறுத்தாமல் மருத்துவரிடம் காட்டவும்.

வீட்டில் செய்யவேண்டியவை சிறியவை. குளியலறையில் கைப்பிடிக் கம்பி, இரவில் கழிவறை வரை வெளிச்சம், உட்காரும் வகைக் கழிவறை, ஈரத் தரையில் சொரசொரப்பான மிதியடி, தரையில் தவழும் நீளத்தில் சேலையோ வேட்டியோ கட்டாதிருத்தல், மாட்டுக் கயிற்றைப் பிடிக்கும் வேலையை இளையவரிடம் விடுதல் ஆகியவை போதும். கண்புரை இருந்தால் அதற்கான சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம்.

அவசர ஊர்தி: 108. மருத்துவ ஆலோசனை: 104. காப்பீட்டுத் திட்ட உதவி: 1800 425 3993. தனித்து வாழும் முதியோர் உதவி: 14567.